இரண்டு ஆணி, ஒரு மைக்ரோபிட்

மாணவர்களே, உங்கள் வீட்டில் யாராவது செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்திருக்கிறார்களா? பாலிபேக்கில் இருக்கும் கன்றுக்குத் தண்ணீர் போதுமா என்பதை மண்ணைத் தொட்டே சொல்லிவிடுவார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இப்படிக் கை பழகிய அம்மாக்களும் பாட்டிகளும் நிறையப் பேர். அந்த விரல் செய்யும் வேலையை ஒரு கருவிக்குச் சொல்லித் தருவோமா?

தேவை ஒரு மைக்ரோபிட், இரண்டு ஆணி, முதலைக் கவ்வி வைத்த இரண்டு ஒயர். மைக்ரோபிட் என்பது உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கணினி. 2016இல் பிரிட்டனில் சுமார் 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை இலவசமாகக் கொடுத்தார்கள்.

ஆணிகளைச் சற்று இடைவெளி விட்டு மண்ணில் குத்துங்கள். ஒன்றை 3 வோல்ட் முனையிலும் மற்றொன்றை P0 முனையிலும் இணையுங்கள். ஈர மண்ணில் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகள் மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த மண்ணில் அவை நகர முடியாது. P0க்கு வந்து சேரும் மின்னழுத்தத்தை மைக்ரோபிட் 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகக் காட்டும். ஈரம் கூடினால் எண்ணும் கூடும். உரம் போட்ட மறுநாள் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்! அயனிகள் பெருகுவதால், தண்ணீர் ஊற்றாமலேயே எண் ஏறலாம்.

இதை வகுப்பில் செய்தபோது நான் ஒரு தவறு செய்தேன். மாணவர், மாணவியரைக் கலந்து குழு பிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஆணியும் ஒயரும் பையன்கள் கையில், அறிக்கைத் தாள் பெண் பிள்ளைகள் கையில். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை. “உன் கையெழுத்துதான் அழகு” என்ற பாராட்டே போதுமாக இருந்தது. மறுவாரம் ஒரு விதி வைத்தேன்: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவி கைமாற வேண்டும்.

முதல் வாரம் “உடைஞ்சிடுமா டீச்சர்?” என்று தயங்கிய மாணவிதான், சில நாள் கழித்து, “ஒரு ஆணி மட்டும் ஏன் அரிச்சுப் போகுது?” என்று கேட்டாள். கையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மின்பகுப்பு நடந்து, நேர்முனையில் உள்ள ஆணி மெல்லக் கரையும். அதனால் அந்த ஆணியை 3 வோல்ட்டிலிருந்து கழற்றி P1 முனைக்கு மாற்றினோம். P1ஐ இயக்கு, P0ஐப் படி, P1ஐ நிறுத்து, ஒரு மணி நேரம் காத்திரு. நிரல் அவ்வளவுதான். இப்போது ஆணி நெடுநாள் தாங்குகிறது.

1946இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்கள் அதைத் தட்டச்சு செய்யவில்லை. ஆள் உயரப் பலகைகளில் ஒயர்களைச் செருகி, விசைகளைத் திருப்பித்தான் அமைத்தார்கள்.

இனி ஒரு வேலை பாக்கி. எந்த எண்ணுக்குக் கீழே போனால் சோகமுகம் காட்ட வேண்டும்? அதை இணையத்தில் தேடாதீர்கள், மண்ணுக்கு மண் மாறும். கன்றை அம்மாவிடமோ பாட்டியிடமோ காட்டுங்கள். அவர் தொட்டுப் பார்த்து, “இப்போ தண்ணி ஊத்து” என்று சொல்லும் நேரத்தில் திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.