சொந்தப் பெயருக்கே தரகு கட்டும் கடைக்காரர்கள்

வால்தம்ஸ்டோவில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு விரியும் தெருச்சந்தையை அறியாத எம்மவர் கிழக்கு லண்டனில் இரார். பெட்போர்ட் வீதியில் கற்பக விநாயகரைத் தரிசித்துவிட்டு, அதே நடையில் மரக்கறி வாங்கித் திரும்பும் குடும்பங்கள் பல. அச்சந்தையில் உங்களுக்கு ஒரு புடவைக் கடை இருப்பதாகக் கொள்வோம். உங்கள் கடையின் பெயரைச் சொல்லியே தேடிவரும் ஒரு பெண்மணியை வாசலுக்குப் பத்தடி முன்னால் ஒருவர் மறித்து, "இதோ, இந்தக் கடைதான்" எனக் கைகாட்டுகிறார். மாலையில் உங்களிடம் வந்து தரகு கேட்கிறார். கொடுப்பீர்களா?

தெருவில் கொடுக்கமாட்டீர்கள். இணையத்திலோ, அறியாமலே கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

விற்பனை நடந்தால் மட்டும் தரகு என்னும் முகவர் முறை, அமேசன் நிறுவனம் 1996 இல் அதைக் கைக்கொண்ட பின்னர் உலகெங்கும் பரவியது. முகவர் தமது பக்கத்தில் உங்கள் கடைக்கு இணைப்புக் கொடுப்பார். அதன்வழி வந்தவர் வாங்கினால் பங்கு பெறுவார். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் புதியவர்களைத் தேடி அலைவதைவிட எளிய வழியொன்று முகவருக்கு உண்டு. கூகிளில் உங்கள் கடையின் பெயரையே தேடுசொல்லாக ஏலத்தில் எடுத்து விளம்பரமிடுவது அது. ஒரு விற்பனைக்கு அவருக்கு விளம்பரச் செலவு 2 பவுண் என்றும், 60 பவுண் புடவைக்கு நீங்கள் கொடுக்கும் தரகு 6 பவுண் என்றும் வையுங்கள். எஞ்சிய 4 பவுண், எப்படியும் உங்களிடம் வரவிருந்தவரால் அவருக்குக் கிடைத்த இலாபம். நீங்களும் அதே சொல்லுக்கு ஏலம் கேட்டால், உங்கள் முகவரே உங்கள் விலையை ஏற்றிவிடுவார்.

2005 ஜனவரியில் கூகிள் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரே இணைய முகவரிக்கு ஒரு தேடலில் ஒரு விளம்பரம் மட்டுமே. எனவே முகவர் நேரே உங்கள் முகவரிக்கு விளம்பரமிட்டு வென்றால், உங்கள் சொந்த விளம்பரம் மறைந்துபோகக்கூடும்!

பெரியவர்களே இதில் கையைச் சுட்டுக்கொண்டுள்ளனர். வட அமெரிக்காவில், தேடல் விளம்பரம் மூலம் ஆட்களை அனுப்பும் முகவர்களுக்குத் தரகில்லை என 2009 மே மாதம் முதல் அமேசன் நிறுத்தியது. ஈபே தன் பெயருக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தபோது, வருவோரில் 99.5 வீதமானோர் விளம்பரமின்றியே வந்து சேர்ந்தனர். அவ்வாய்வு 2015 இல் வெளியானது. ஆயினும் ஈபேயின் கணக்கு சிறு கடைக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் பெயரைப் போட்டிக் கடையும் ஏலம் எடுக்கலாம். பிரித்தானியாவில் வணிகப் பெயர்களைப் பிறர் தேடுசொல்லாக எடுப்பதை 2008 மே முதல் கூகிள் தடுப்பதில்லை. இன்டர்புளோராவின் பெயரை மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் எடுத்ததால் எழுந்த வழக்கு, 2008 இல் தொடங்கி 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை இழுபட்டது. சிறு கடைக்காரருக்கு நீதிமன்றப் படி கட்டுபடியாகாது.

ஆனால் முகவர் வேற்றாள் அல்லர். அவரோடு ஒப்பந்தம் உண்டு. எங்களிடையே அவர் பெரும்பாலும் மருமகனாகவோ ஊர்க்காரரின் பிள்ளையாகவோ இருப்பதால், எழுத்தில் கேட்கக் கூச்சப்படுகிறோம். கடையின் பெயரை ஏலத்தில் எடுக்கலாகாது, மீறினால் அவ்விற்பனைக்குத் தரகில்லை என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். லட்சுமி என்ற ஒரு பெயருக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்! அத்தனையையும் பட்டியலில் சேர்க்கவேண்டும். பதிலாக, கலியாணப் புடவை, தைப்பொங்கல் உடுப்பு போன்ற பொதுச்சொற்களை அவருக்குத் திறந்துவிட்டு, புது வாடிக்கையாளருக்குக் கூடுதல் தரகு கொடுங்கள். அங்கே அவர் உண்மையில் உழைக்கிறார்.

கண்காணிப்பதும் வேண்டும். தந்திரக்கார முகவர் கடை இருக்கும் பகுதிக்கு விளம்பரம் தெரியாதபடி விலக்கிவிட்டு, இரவில் மட்டும் ஓடவிடுவார். வால்தம்ஸ்டோவில் உட்கார்ந்து தேடினால் ஒன்றும் அகப்படாது. பேர்மிங்ஹாமிலோ லெஸ்டரிலோ உள்ள உறவினரை நள்ளிரவுக்குப் பின் உங்கள் கடைப்பெயரைத் தேடச் சொல்லுங்கள். விளம்பரத்தை ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும். திறக்கும் பக்கத்தின் முகவரியில் முகவரின் குறியீடு பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் திகதியோடு படமெடுத்து வைத்துவிட்டு, மருமகனைத் தேநீருக்குக் கூப்பிடலாம்.