உலோகத் தலை கேஸ்கெட்டிற்கான பரப்புத் தயாரிப்பு

உலோகத் தலை கேஸ்கெட்டிற்கான பரப்புத் தயாரிப்பு என்பது, உள் எரி பொறி ஒன்றில் பழுதான கேஸ்கெட்டை அகற்றிவிட்டுப் புதிய உலோகக் கேஸ்கெட்டைப் பொருத்துவதற்கு முன்னர், உருளைத் தலை, உருளைப் பாளம் ஆகியவற்றின் பொருந்து பரப்புகளைத் துப்புரவாக்கி, அளந்து, தேவையெனில் இழைத்துச் சீர்செய்யும் பணியாகும். பட்டறைகளில் உருளைத் தலை "ஹெட்" என்றும், பாளம் "பிளாக்" என்றும், தலையை இழைத்தல் "ஹெட் ஃபேசிங்" என்றும் வழங்கப்படுகின்றன. புதிய கேஸ்கெட் சில நாட்களிலேயே மீண்டும் கசிவதற்குக் கேஸ்கெட்டின் குறையை விடப் பரப்புத் தயாரிப்பின் குறையே பெரும்பாலும் காரணமாக அமைகின்றது.

கேஸ்கெட்டின் பணி

தலை கேஸ்கெட் ஒரே நேரத்தில் மூன்று பொருட்களைத் தனித்தனியே தடுத்து நிறுத்துகின்றது. அவை உருளையினுள் எரியும் உயர் அழுத்த வளிமம், குளிர்விப்பு நீர், மசகு எண்ணெய் என்பனவாகும். இவற்றுள் ஏதேனும் இரண்டு கலந்தால் பொறி பழுதடையும். எண்ணெயில் நீர் கலந்தால் எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தைப் பெறும். நீர் எரியறைக்குள் சென்றால் புகைபோக்கியில் வெண்புகை தொடர்ந்து வரும். எரிவளிமம் நீர்வழிக்குள் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழிகள் எழும்.

உலோகக் கேஸ்கெட்டின் அமைப்பு

பழைய பொறிகளில் செப்புத் தகடுகளுக்கு இடையே கல்நார் வைத்துச் செய்யப்பட்ட கேஸ்கெட்டுகள் பயன்பட்டன. அவை மென்மையானவை, பரப்பிலுள்ள சிறு கீறல்களுக்குள் அழுந்தி நிரப்பிக்கொள்ளக் கூடியவை. 1990களிலிருந்து பரவலான பல்லடுக்கு எஃகுக் கேஸ்கெட், அதாவது எம்.எல்.எஸ். கேஸ்கெட், இதிலிருந்து வேறுபட்டது. இது பொதுவாக மூன்று முதல் ஐந்து வரையிலான மெல்லிய எஃகுத் தகடுகளால் ஆனது. உருளைகளையும் நீர்த்துளைகளையும் சுற்றி இத்தகடுகளில் புடைப்பு வரிகள் அழுத்தப்பட்டிருக்கும். இவ்வரிகள் வில்லைப் போலச் செயற்பட்டு, தலை சற்றே மேலெழும்பினாலும் தொடர்பு விடாமல் பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும். வெளிப்புறத்தில் மிக மெல்லிய ரப்பர்ப் பூச்சு இருக்கும்.

எஃகு கீறலுக்குள் புகுந்து நிரம்பாது. மெல்லிய பூச்சு மிக நுண்ணிய கோடுகளை மட்டுமே நிரப்ப வல்லது. எனவே பழைய வகைக் கேஸ்கெட் பொறுத்துக்கொண்ட பரப்பை உலோகக் கேஸ்கெட் பொறுத்துக்கொள்வதில்லை.

அலுமினியத் தலையும் வார்ப்பிரும்புப் பாளமும் கொண்ட பொறிகளில் இது மேலும் முதன்மை பெறுகின்றது. வெப்பத்தால் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். 400 மி.மீ. நீளமுள்ள தலை 80 பாகை செல்சியசு சூடேறித் தடையின்றி விரிந்தால், பாளத்தை விட ஏறத்தாழ 0.4 மி.மீ. கூடுதலாக நீளும். ஆகவே ஒவ்வொரு முறை பொறி சூடாகிக் குளிரும்போதும் தலையின் பரப்பு கேஸ்கெட்டின் மீது உரசுகின்றது. பரப்பு சொரசொரப்பாக இருந்தால் பூச்சு தேய்ந்து போகும்.

தாம்பரமும் தென்சென்னைப் புறநகர்களும்

தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர், மறைமலை நகர் ஆகிய பகுதிகள் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்தவை. குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி, தானுந்துப் பொறியியலைத் தனிப் பாடமாகக் கற்பித்த இந்தியாவின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்றாகும். வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் வான்கார்டு, ஹெரால்டு, கெசல், ஸ்டாண்டர்ட் 2000 முதலிய மகிழுந்துகளைத் தயாரித்தது. 1980களின் இறுதியில் அங்கு மகிழுந்து உற்பத்தி நின்றது. மறைமலை நகரில் இயங்கிய ஃபோர்டு ஆலை 2022ஆம் ஆண்டு மகிழுந்து உற்பத்தியை நிறுத்தியது. எனவே இப்பகுதிப் பட்டறைகளுக்குப் பழைய வார்ப்பிரும்புத் தலைப் பொறிகளும் புதிய அலுமினியப் பொறிகளும் ஒருங்கே வருகின்றன.

வான்கார்டு வகைப் பொறியில் குளிர்விப்பு நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தனி உருளை உறைகள் உள்ளன. இவை பாளத்தின் மேற்பரப்பை விட ஏறத்தாழ 0.08 முதல் 0.13 மி.மீ. வரை உயர்ந்து நிற்க வேண்டும். இத்தகைய பொறிகளில் பாளத்தை மட்டும் அளந்தால் போதாது; ஒவ்வோர் உறையின் உயரத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

இப்பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் உண்டு. கடினநீரிலுள்ள உப்புகள் நீர்வழிகளில் படிந்து குளிர்விப்பைக் குறைக்கின்றன. பொறி அளவுக்கு மீறிச் சூடாகித் தலை வளைகின்றது. துருத்தடுப்பான் இல்லாத நீர், அலுமினியத் தலையில் நீர்த்துளைகளின் ஓரத்தை அரித்துக் குழியாக்கவும் செய்கின்றது. கேஸ்கெட்டின் வரி அமரும் இடத்தில் இக்குழி இருந்தால் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. பரப்பை இழைத்தல் அல்லது உலோகம் நிரப்பிப் பின் இழைத்தல் தேவைப்படும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்று வெள்ளத்தால் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய இடங்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதிகளில் நீர் தேங்கியது. மூழ்கிய வண்டியை அப்படியே முடுக்கினால், உருளையிலுள்ள நீர் அழுந்தாததால் இணைப்புத் தண்டு வளையலாம், கேஸ்கெட்டும் சிதையலாம். இத்தகைய பொறியைப் பிரிக்கும்போது உருளைச் சுவரில் துருவும், மரையாணித் துளைகளில் வண்டலும் உள்ளனவா என்று பார்த்தல் இன்றியமையாதது.

செய்முறை

1. பொறி முழுவதும் குளிர்ந்த பின்னரே தலையைக் கழற்ற வேண்டும். மரையாணிகளை இறுக்கும் வரிசைக்கு எதிர் வரிசையில், பல சுற்றுகளில், சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சூடாக உள்ளபோதோ ஒரு பக்கத்திலிருந்தோ தளர்த்தினால் அலுமினியத் தலை வளையும்.

2. உருளைகளையும் எண்ணெய், நீர்த் துளைகளையும் தூய துணியாலும் ஒட்டுநாடாவாலும் மூட வேண்டும்.

3. பழைய கேஸ்கெட்டின் எச்சத்தின் மீது கேஸ்கெட் நீக்கும் வேதிப்பொருளைத் தடவி ஊறவிட்டு, நெகிழிச் சுரண்டியால் தட்டையாகப் பிடித்து எடுக்க வேண்டும். அலுமினியத்தின் மீது எஃகுச் சுரண்டியையோ உளியையோ பயன்படுத்தக் கூடாது. பழைய வண்டியின் கேஸ்கெட்டில் கல்நார் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டினாலோ காற்றால் ஊதினாலோ நுரையீரலைப் பாதிக்கும் நுண்ணிழைகள் காற்றில் பரவும். நனைத்த பின்னரே எடுத்து, ஈரமாகவே உறையிலிட்டு அகற்ற வேண்டும்.

4. மரையாணித் துளைகளைப் புரி துப்புரவாக்கும் கருவியால் சீர்செய்து, உள்ளே எஞ்சிய நீரையும் எண்ணெயையும் வெளியேற்ற வேண்டும். புதுப் புரி வெட்டும் டாப்பைப் பயன்படுத்தினால் புரி மெலிந்துவிடும். அடிமூடிய துளையில் நீர்மம் தேங்கியிருந்தால், மரையாணியை இறுக்கும்போது அது வெளியேற வழியின்றிப் பாளத்தையே பிளக்கக் கூடும்; முறுக்குவிசை அளவும் பொய்யாகக் காட்டும்.

5. இறுதியில் எச்சம் விடாத கரைப்பானால் இரு பரப்புகளையும் துடைக்க வேண்டும். பட்டறைகளில் வழங்கும் காட்டன் வேஸ்ட் நூலிழைகளை விட்டுச் செல்வதால், இழை உதிராத துணியே ஏற்றது. துடைத்த பரப்பை வெறுங்கையால் தொடுதல் கூடாது.

சுழல் தட்டுகளின் தீங்கு

நேரத்தை மிச்சப்படுத்த, காற்றுக் கருவியில் பொருத்திய உராய்வுத் தட்டால் பரப்பைத் தேய்ப்பது பரவலான தவறாகும். உப்புத்தாளைக் கையில் சுற்றித் தேய்ப்பதும் இவ்வகையினதே. இவற்றால் இரு தீங்குகள் விளைகின்றன.

முதலாவதாக, அலுமினியம் மென்மையானதாகையால் தட்டு நின்ற இடம் பள்ளமாகும். பரப்பு கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும். ஆனால் சமதளமாக இராது.

இரண்டாவதாக, தட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடுத் துகள்கள் எண்ணெய் வழிகளுக்குள் செல்லும். இவை எஃகை விடக் கடினமானவை. மிக நுண்ணிய துகள்களை எண்ணெய் வடிகட்டியும் முழுமையாகத் தடுப்பதில்லை. அவை வணரித்தண்டின் பேரிங்குகளில் பதிந்து தேய்த்து, சில நூறு கிலோமீட்டர்களிலேயே பொறியை அழிக்கக் கூடும். கேஸ்கெட் மாற்றுவதற்காக வந்த வண்டி, முழுப் பொறிச் சீரமைப்புக்கு உள்ளாவதற்கு இது ஒரு காரணமாகும்.

அளவிடுதல்

துல்லிய நேர்விளிம்புச் சட்டத்தைப் பரப்பின் மீது நெடுக்கிலும் குறுக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். உலோகக் கேஸ்கெட்டிற்குப் பொதுவாக 0.05 மி.மீ.க்கு மேற்பட்ட வளைவு ஏற்கப்படுவதில்லை. எனினும் அந்தந்தப் பொறியின் பணிமனைக் கையேட்டில் கூறப்பட்ட அளவே முடிவானது. பாளத்தையும் இவ்வாறே அளக்க வேண்டும். தலையை மட்டும் இழைத்துவிட்டுப் பாளத்தை விட்டுவிடுதல் அடிக்கடி நிகழும் பிழையாகும்.

சராசரிச் சொரசொரப்பு, பழைய கூட்டுக் கேஸ்கெட்டுகளுக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரை ஏற்கத்தக்கது. பல்லடுக்கு எஃகுக் கேஸ்கெட்டுகளுக்குப் பொதுவாக 0.8 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டிருத்தல் நன்று. அளவி இல்லாத பட்டறையில் நகத்தைப் பரப்பின் குறுக்கே இழுத்துப் பார்ப்பர். நகம் தடைபட்டால் பரப்பு ஏற்றதன்று என உறுதியாகக் கொள்ளலாம். ஆனால் தடைபடாததை மட்டும் கொண்டு பரப்பு ஏற்றது என்று முடிவு செய்ய இயலாது.

இழைத்தல்

வளைவு வரம்பை மீறினால், தலையில் வெடிப்பு உள்ளதா என அழுத்தச் சோதனையாலோ ஊடுருவும் சாயத்தாலோ முதலில் அறிய வேண்டும். வெடித்த தலையை இழைப்பது வீண் செலவு. அதன்பின் தேவையான மிகக் குறைந்த அளவு உலோகத்தை மட்டும் இயந்திரத்தால் நீக்க வேண்டும். மிகுதியாக நீக்கினால் அழுத்த விகிதம் உயரும். மேல் நெம்புருள் தண்டுப் பொறிகளில் வால்வு நேரமும் மாறும். டீசல் பொறிகளில் பிஸ்டன் வால்வுடன் மோதும் ஆபத்து உண்டு. பல டீசல் பொறிகளுக்குக் கேஸ்கெட் பல தடிமன்களில் கிடைக்கின்றது. அதன் ஓரத்திலுள்ள வெட்டுகள் அல்லது துளைகளின் எண்ணிக்கை தடிமனைக் குறிக்கும். சில தலைகளை இழைக்கவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிட்டுள்ளனர்.

பொருத்துதல்

உலோகக் கேஸ்கெட்டின் மீது, அனபாண்ட் என்று பொதுவாக வழங்கும் ஒட்டுப்பசை வகைகளையோ கிரீசையோ தடவுதல் கூடாது. கையேடு குறிப்பிடும் இணைப்பு மூலைகள் மட்டும் இதற்கு விலக்கு. நீட்சி வகை மரையாணிகளை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தலாகாது. குறித்த வரிசையில், குறித்த முறுக்குவிசையிலும் கோணத்திலும் இறுக்க வேண்டும். எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, உரிய குளிர்விப்பு நீர்மத்தை நிரப்பி, நீர்வழியிலுள்ள காற்றை வெளியேற்றிய பின்னரே வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

உள் எரி பொறி
டீசல் பொறி
ரேடியேட்டர்
கல்நார்
தாம்பரம்