அதிர்ந்த கம்பிகள் – 9: ஏரிமேல் புகை

போன வாரம் டீப் பர்ப்பிள் ராக் குழுவை லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் வயலின்களுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். 1969 செப்டம்பரில் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து அங்கே அரங்கேற்றிய கான்செர்ட்டோவை எழுதியவர் ஆர்கன்காரர் ஜான் லார்டு. கிடார்காரர் ரிச்சி பிளாக்மோருக்கு அது ரசிக்கவில்லை. இனி சத்தம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். 1970இல் வந்த ‘இன் ராக்’ ஆல்பம் அந்தப் பிடிவாதத்தின் பலன். லார்டும் சளைத்தவரில்லை; தன் ஹாமண்ட் ஆர்கனைக் கிடார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கோத்துவிட்டார். தேவாலயத்தில் முனகவேண்டிய வாத்தியம் உறுமத் தொடங்கியது.

அதற்கடுத்த வருஷக் கடைசியில் ஐந்து பேரும் சுவிட்சர்லாந்து போனார்கள். மேடையில் கேட்கும் தங்கள் சத்தம் ஸ்டுடியோவுக்குள் வந்தால் சுருங்கிப்போகிறது என்பது அவர்களுக்கு வெகுநாள் குறை. ஜெனீவா ஏரிக்கரையில் மோன்த்ரோ நகரத்து காசினோவில் பெரிய அரங்கம் ஒன்று இருந்தது. குளிர்காலத்துக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். காலி அரங்கில் ஆளில்லாமல் வாசிப்பது, வாசலில் நிற்கும் லாரியில் பதிவுசெய்வது என்று ஏற்பாடு. லாரி ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினுடையது, உள்ளே முழு ஸ்டுடியோவே இருக்கும்.

பூட்டுவதற்கு முன் கடைசியாக ஒரே ஒரு கச்சேரி பாக்கி. 1971 டிசம்பர் 4, ஃப்ராங்க் ஸாப்பா. கூட்டத்தில் எவனோ ஒருவன் ஃபிளேர் துப்பாக்கியை விட்டத்தைப் பார்த்துச் சுட்டான். தீ மளமளவென்று பிடித்தது. மோன்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடங்கிய க்ளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டார். நல்லவேளை, ஒரு உயிரும் போகவில்லை. ஸாப்பா குழுவின் வாத்தியங்களும் காசினோவும் சாம்பல். அன்று சாயங்காலம் டீப் பர்ப்பிள் ஆட்கள் தூரத்திலிருந்து பார்த்தபடி இருந்தார்கள். புகை இறங்கி ஏரித் தண்ணீர்மேல் படர்ந்தது.

நோப்ஸ் வேறு இடம் தேடிக் கொடுத்தார்: ஊர் நடுவே பெவிலியன் என்ற நாடக அரங்கம். ஊர் நடுவே என்பதுதான் வினை. ராத்திரியில் இவர்கள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தார் போலீஸுக்குச் சொல்ல, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உள்ளே ஒரு டேக் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை உதவியாளர்கள் கதவை உள்பக்கமிருந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பெவிலியனில் தேறியது அந்த ஒரு பாட்டின் இசை மட்டும். வரிகள் இன்னும் எழுதப்படவில்லை.

அடுத்த புகலிடம் குளிருக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டல். அதன் தாழ்வாரத்தில் மெத்தைகளை நிமிர்த்தி வைத்துச் சுவராக்கினார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க லாரிக்குப் போகவேண்டும். தாழ்வாரத்தை மெத்தை அடைத்துவிட்டதால் அறைக்குள் புகுந்து, பால்கனி ஏறி, இன்னொரு அறை வழியாக இறங்கி, கடைசியில் வெளிக்குளிரில் நடக்கவேண்டும். இரண்டு மூன்று தடவை போய்வந்தார்கள். அப்புறம் அலுத்துப்போய், ‘சரியாத்தான் வந்திருக்கும்’ என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். இப்படி உருவான ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தின் வேகத்துக்கு விமர்சகர்கள் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள். என் ஓட்டு அந்த பால்கனிக்கு.

முடிக்கும் நேரத்தில் ஆல்பத்துக்குச் சில நிமிஷம் குறைந்தது. பெவிலியனில் பதிந்த இசை கையிருப்பில் இருந்தது. பேஸ் வாசித்த ரோஜர் க்ளோவர் தீ விபத்துக்குப் பின் ஒருநாள் காலை ஒரு சொற்றொடரை முணுமுணுத்தபடி விழித்திருந்தார்: ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. போதைப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று முதலில் ஒதுக்கியதைத் திரும்ப எடுத்து, பார்த்ததைப் பார்த்தபடியே வரிகளாக்கினார்கள். பாட்டுக்குள் க்ளோட் நோப்ஸ் பெயரும் வரும், ஸாப்பா பெயரும் வரும்.

அதன் ரிஃப்பைக் கேட்காத கிடார் கடை உலகத்தில் இருக்க வாய்ப்பில்லை. வாங்க வந்தவர் எவரும் முதலில் அதைத்தான் வாசித்துப் பார்ப்பார், பெரும்பாலும் தப்பாக. பிளாக்மோர் பிக் கொண்டு மேலிருந்து கீழே இழுப்பதில்லை. இரண்டு கம்பிகளை ஒருசேர விரலால் கிள்ளுகிறார். அதனால்தான் அவரிடம் அது நறுக்கென்று விழுகிறது.

1972 மார்ச்சில் ஆல்பம் வெளியானது. பிரிட்டனில் முதலிடம். எந்தப் பாட்டைச் சிங்கிளாக விடலாம் என்று குழுவே யோசித்துத் தேர்ந்தெடுத்தது ‘நெவர் பிஃபோர்’. அது தடம் தெரியாமல் போயிற்று. சொந்தச் சரக்கின் அருமை தெரியாதவர்கள் கலைஞர்களில் அதிகம். ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிந்த ‘மேட் இன் ஜப்பான்’தான் அந்த ஐவரின் உச்சம் என்பேன். மேடையில் அப்படி ஒட்டி வாசித்த அதே சமயத்தில் பாடகர் இயன் கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் முகம்கொடுத்துப் பேச்சில்லை. வருஷம் முடிவதற்குள் கில்லன் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். கடைசிக் கச்சேரி 1973 ஜூன் 29, அதே ஒசாகாவில்.

அமெரிக்க கம்பெனி அந்தப் புகைப் பாட்டைச் சுருக்கிச் சிங்கிளாக விட்டது அந்த வருஷம் மே மாதம். ஜூலைக் கடைசியில் அது நான்காம் இடத்துக்கு ஏறி நின்றபோது, பாடியவர் குழுவில் இல்லை.

(தொடரும்)