கட்டிக்கும் கண் நரம்புக்கும் நடுவே

1951இல், சுவீடனின் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் மூளைச் சிகிச்சைக்கு ஒரு புதிய வழியைச் சொன்னார்: மண்டையோட்டைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்து பல மெல்லிய கதிர்களைச் செலுத்தி, உள்ளே ஒரே புள்ளியில் சேர வைக்கலாம். 1968இல் அது ‘காமா கத்தி’ என்ற கருவியானது. இன்று மலேசியாவின் பண்டார் சன்வேயில் உள்ள சன்வே மருத்துவமனையிலும் அது இருக்கிறது.

கத்தி பெயரில் மட்டுமே. இன்றைய கருவியில் 192 கோபால்ட்-60 மூலங்கள் இருக்கின்றன. தனித்தனியே ஒவ்வொரு கதிரும் வலுக்குறைந்தது. எல்லாம் கூடுமிடத்தில்தான் கட்டியின் செல்கள் சிதைகின்றன.

அந்த இடம் கண் நரம்பை ஒட்டியிருந்தால்தான் சிக்கல். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. அதற்கு மேலே இரு கண் நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் இழைகள். அழிந்தால் மறுபடி வளராது. கதிரின் பாதிப்போ உடனே தெரியாது, மாதங்கள் கழித்துத்தான் பார்வை மங்கும். அதனால், கண் நரம்பு ஒரே அமர்வில் தாங்குவது 8 முதல் 12 கிரே (கதிர் அளவின் அலகு) வரைதான் என்று வைத்துத் திட்டமிடுகிறார்கள். கட்டிக்கும் நரம்புக்கும் இடையே 2, 3 மில்லிமீட்டராவது வேண்டும்.

அந்த இடைவெளி இல்லாதபோது, கதிரைப் பல நாட்களாகப் பிரித்துக் கொடுப்பது கைகொடுக்கிறது. நாளுக்கு 1.8 கிரே, வாரத்துக்கு 5 நாள், 30 தடவை: மொத்தம் 54 கிரே. ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையில் நரம்புத் திசு தன் பழுதைச் சரிசெய்துகொள்ளும்.

முப்பது தடவையும் தலை அதே இடத்தில் இருக்க முகமூடி உண்டு. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் விரித்து அழுத்துவார்கள். சில நிமிடங்களில் அது நெற்றி, மூக்கு, தாடையின் அச்சாக இறுகிவிடும். மூச்சுக்கு அதன் துளைகள் போதும். எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களைப் பொருத்தி வைத்து, கட்டி எது, நரம்பு எது என்று மருத்துவர் அடுக்கடுக்காக வரைந்து கொடுத்த பிறகே கதிர் பாயும்.

2019இல் சென்னையில் தொடங்கிய அப்போலோ புரோட்டான் மையம் இன்னொரு வழியைத் தருகிறது. புரோட்டான் என்ற துகள் தன் ஆற்றலில் பெரும்பகுதியைப் பயணத்தின் முடிவில் கொட்டி நின்றுவிடும். நரம்பைத் தொடுமுன் அதை நிறுத்தத் திட்டமிடலாம்.

எந்தக் கருவிக்கும் அந்தச் சில மில்லிமீட்டர் பெரிய உதவி. நோயாளி சீக்கிரம் வந்தால்தான் அது மிஞ்சும். பெரிதாகும் பிட்யூட்டரி கட்டி பெரும்பாலும் முதலில் பறிப்பது பக்கவாட்டுப் பார்வையை. பக்கத்தில் வரும் வண்டி கண்ணில் படவில்லை, கதவு நிலையில் தோள் இடிக்கிறது என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையோடு நின்றுவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் போய், பக்கவாட்டுப் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.