சுடுகாட்டுப் பாதைக்கு எத்தனை காலடி?

எங்கள் காலனிப் பையன் ஒருவன் சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் கைப்பேசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினான். ஒரு புல்வெளி. தூரத்தில் மரங்கள். புல்வெளிக்கு நடுவே நேராக ஒரு கோடு. வேறு எதுவும் இல்லை.

"இது உலகம் முழுக்கப் பேர் வாங்கின படைப்புண்ணா" என்றான்.

ரிச்சர்ட் லாங் என்ற ஆங்கிலேயர் 1967-ல் செய்தது. அப்போது அவரும் லண்டனில் கலைக் கல்லூரி மாணவர்தான். ரயிலேறி நகரத்துக்கு வெளியே போய், ஒரு புல்வெளியில் ஒரே நேர்கோட்டில் போவதும் வருவதுமாக நடந்திருக்கிறார். புல் படுத்துத் தடம் விழுந்ததும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். 'நடந்து உண்டாக்கிய கோடு' என்பதுபோல அதற்கு ஒரு பெயர். கல்லைச் செதுக்கவில்லை, வண்ணம் பூசவில்லை. நடந்ததே கலை. அவருக்குப் பிறகு நடையையே தொழிலாக எடுத்துக்கொண்ட கலைஞர்கள் பல நாடுகளில் வந்துவிட்டார்கள் என்று பையன் சொல்லிக்கொண்டே போனான்.

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயா கைப்பேசியை வாங்கி உற்றுப் பார்த்தது. "நம்ம சுடுகாட்டு வழி மாதிரியே கீதே. இத்த யாரு போட்டா எடுத்தது?"

பையன் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஆயா சொன்னது சரி. எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு இரண்டு வழி. ஊர்த்தெரு வழியாகத் தார்ச்சாலை போகிறது. அந்த வழியில் எங்கள் பிணம் போகக்கூடாது. இன்னொன்று ஏரிக்கரையை ஒட்டி, வயல் வரப்புகளின் மேல் போகிற ஒற்றையடிப் பாதை. அதை எந்த அரசாங்கமும் போடவில்லை. ஆயாவின் மாமியார் காலத்துக்கும் முன்னாலிருந்து பாடை தூக்கிய கால்கள் போட்ட கோடு அது. கையெழுத்து கிடையாது, பெயரும் கிடையாது.

இப்போது ஊர்த்தெருவில் உயிரோடு இருப்பவர்கள் நடக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பால் ஊற்றப் போகிறோம், ரேஷன் கடைக்குப் போகிறோம். ஆயா கல்யாணமாகி வந்த புதிதில் அதுவும் இல்லை. தெரு முனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். எதிரே ஆள் வந்தால் ஓரமாக ஒதுங்க வேண்டும். எப்படி நடப்பது, எவ்வளவு வேகத்தில் நடப்பது, தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு நடையையே நமக்கு வகுத்து வைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் 1924-லேயே சென்னை சட்டமன்றத்தில் ரெட்டைமலை சீனிவாசன் இதற்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக் கிணறு குளங்களைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசாணையாகவும் அது வெளிவந்தது. மனிதன் தெருவில் நடக்கலாம் என்று சொல்ல ஓர் அரசாணை வேண்டியிருந்தது. அது வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

அதே 1924-ல், மார்ச் 30-ஆம் தேதி, வைக்கத்தில் மூன்று பேர் நடந்தார்கள். குஞ்ஞாப்பி என்ற புலையர், பாகுலேயன் என்ற ஈழவர், கோவிந்தப் பணிக்கர் என்ற நாயர். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் இன்னார் வரக்கூடாது என்று எழுதிய பலகை வரை வந்தார்கள். தடுத்தவர்களிடம் மூவரும் சேர்ந்துதான் போவோம் என்றார்கள். கைதானார்கள். மறுபடி அதே இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அந்தப் போராட்டத்தில் பெரியார் இரண்டு முறை சிறை போனது எல்லாருக்கும் தெரியும். எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது அந்தச் சில அடிகள்தான். பலகை வரை வருவது, நிற்பது, மறுபடி வருவது. லண்டன் மாணவர் புல்லில் போய்வந்ததற்கு 43 வருஷம் முன்னால் நடந்தது இது. 1925 கடைசியில் சமரசம் ஆனபோதுகூடக் கிழக்குத் தெரு திறக்கவில்லை.

பையன் இன்னொரு காணொளியையும் காட்டினான். போப் எல் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர், 2023-ல் இறந்துபோனவர். நடக்கவில்லை, தவழ்ந்தார். நல்ல கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, கையில் பூச்செடித் தொட்டியோடு, 1991-ல் நியூயார்க் தெருவில் வயிற்றால் ஊர்ந்து போனார். அதைப் பார்த்த இன்னொரு கறுப்பினத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. வேலைக்கு நான் போட்டுப்போகிற உடுப்பு அல்லவா இது, இதைப் போட்டுக்கொண்டு தரையில் ஊரலாமா என்று. எனக்கு அந்த ஆளின் கோபம்தான் சட்டென்று பிடிபட்டது. அம்பேத்கர் சிலைக்கு ஏன் கோட்டு என்று யாராவது கேலி பேசினால் நமக்கு வருகிற கோபம் அது. ஆனால் அந்தக் கலைஞருக்கும் அது தெரியாமல் இல்லை. நிமிர்ந்து நடப்பது எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்ததல்ல என்பதைத்தான் அவர் தெருவில் காட்டிக்கொண்டிருந்தார்.

நம் பக்கம் நடையும் கலையும் சேர்ந்தது என்றால் முதலில் பறைதான். அடவு என்பதே காலில்தான் தொடங்குகிறது. அடி ஒலிக்கக் கால் மாற வேண்டும், கால் மாறும்போது தோல் திரும்ப வேண்டும். சவ ஊர்வலம் எவ்வளவு மெதுவாகப் போவது, எந்த முனையில் நிற்பது என்பதெல்லாம் முன்னால் போகிற பறைக்காரர்கள் கையில். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்ததற்கு நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. ஊர்க்காரர் இறந்தால் பறையோடு எங்கள் ஆட்கள் ஊர்த்தெரு நடுவிலேயே ஆடிக்கொண்டு போகலாம். அந்தப் பறைக்காரரே இறந்தால் அவர் உடல் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும்.

வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததை நம் மாவட்டத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வழி விடாததால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஓர் உடலைப் பாலாற்றங்கரையில் இறக்கினார்கள். காணொளி பரவியது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதிகாரிகள் தனியாக இடம் ஒதுக்கியபோது, தனிச் சுடுகாடு கொடுப்பது பிரிவினையை ஊக்குவிப்பது ஆகாதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் ஊரில் சுடுகாடு இருக்கிறது, வழிதான் இல்லை.

பையனின் கடைசி வருஷப் படைப்பு என்னவென்று இப்போது முடிவாகிவிட்டது. முதலில் அவன் நினைத்தது, நாலு பேராகப் பாடை தூக்கி வரப்பு வழியே நடந்து அதைப் படம் எடுப்பது. பெரியவர்கள் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார்கள். வெறும் பாடை தூக்கக்கூடாது. கடைசியில் பாடை நீளத்துக்கு ஒரு மூங்கில் ஏணி கிடைத்தது. நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டு காலடியை எண்ணிக்கொண்டே போனார்கள்.

வரப்பில் நாலு பேர் சேர்ந்து நடக்க முடியாது. இரண்டு பேர் வரப்பில், இரண்டு பேர் வயல் சேற்றில். நடவு நட்டிருந்தால் மிதிபட்டதற்குச் சண்டை வரும் என்பதால் நடாத வயலாகப் பார்த்துச் சுற்ற வேண்டும். ஏழு இடத்தில் ஏணியைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. மொத்தம் 2,115 காலடி. அடுத்த நாள் உச்சி வெயிலில் அவன் மட்டும் வெறுங்கையோடு ஊர்த்தெரு வழியாக எண்ணிக்கொண்டு போனான். 640. அதற்குள் இரண்டு திண்ணையிலிருந்து "யார் வூட்டுப் புள்ளடா நீ?" என்று கேட்டுவிட்டார்கள். பதில் சொன்னால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்று கையை மட்டும் காட்டிவிட்டு நடந்திருக்கிறான்.

இரண்டு வழியையும் ஒரே தாளில் கோடாக வரைந்து, ஏணியை இறக்கிய ஏழு இடத்திலும் புள்ளி வைத்திருக்கிறான். கல்லூரிச் சுவரில் மாட்டுவதற்கு ஒன்று. அதன் நகல் ஒன்றை, திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளில் கொடுக்கப்போகிற மனுவோடு இணைத்திருக்கிறோம். இதற்கு முன் கொடுத்த மனுக்களில் எல்லாம் 'மிகுந்த சிரமத்திற்கு உள்ளாகிறோம்' என்று எழுதியிருந்தோம். இந்த முறை அந்த வரியை எடுத்துவிட்டு எண்களை மட்டும் போட்டிருக்கிறோம்.

ஆயாவிடம் வரைபடத்தைக் காட்டினோம். கணக்கைப் படித்துச் சொல்லச் சொன்னது. கேட்டுவிட்டு, "இது காஞ்ச காலத்துக் கணக்கு. ஐப்பசில வந்து எண்ணுடா, முட்டி வரைக்கும் சேறு இருக்கும்" என்றது.

ஐப்பசிக்கு வருவதாகப் பையன் சொல்லியிருக்கிறான். ஏணியை விற்றுவிடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறான்.