ஒரே மேசையில் முப்பத்திரண்டு தொழில்கள்

இன்று உலகில் விற்பனையாகும் கைக்கடிகாரங்களில் மிகப் பெரும்பாலானவை பலருடைய கூட்டு உழைப்பால் ஆலைகளில் உருவாகின்றவை. விலை உயர்ந்த சுவிஸ் கடிகாரங்கள் பலவும் இதற்கு விலக்கல்ல. ஸ்பிரிங்கை ஒரு நிறுவனமும் டயலை மற்றொரு நிறுவனமும் பெட்டியையும் முட்களையும் வேறு பட்டறைகளும் செய்து அனுப்ப, கடைசியில் அவற்றைப் பொருத்தி ஓடவிடும் இடத்தின் பெயரே டயலில் ஏறுகிறது. இந்த வேலைப் பகிர்வு நம் காலத்துப் புதுமையும் அன்று. கணிப்பொறியின் முன்னோடியாகக் கருதப்படும் சார்லஸ் பாபேஜ், 1832-இல் வெளியிட்ட பொருளாதார நூலொன்றில், இங்கிலாந்தின் கடிகாரத் தொழில் 102 தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்து கிடந்ததென்றும், ஒரு கிளையில் பயிற்சி பெற்றவர் மற்றொரு கிளையின் வேலையை அறியாதவராகவே இருந்தாரென்றும், உறுப்புகளைச் சேர்த்து முடிப்பவர் மட்டுமே தம் கிளைக்கு வெளியிலும் வேலை செய்யக்கூடியவராக இருந்தாரென்றும் குறிப்பிடுகிறார்.

இந்த நெடிய வழக்கத்துக்கு நேர் எதிரான வழியில் செல்பவர்களையே தனிநிலைக் கடிகாரக் கலைஞர்கள் என்கிறார்கள். பெரிய நிறுவனம் எதையும் சாராமல், தம் பெயரில், தம் சொந்தப் பட்டறையில், தாமே வடிவமைத்த கடிகாரத்தைத் தாமே செய்பவர்கள் இவர்கள். ஸ்வெண்ட் ஆண்டர்சன், வின்சென்ட் கலாப்ரேசே ஆகிய இருவரும் 1985-இல் இவர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். எனினும், ஒரு கடிகாரத்தை முழுவதும் ஒருவரே செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அதற்கும் பல ஆண்டுகள் முன்னதாகவே செயலால் விடை தந்தவர் ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயர்.

1926-இல் சண்டர்லாந்தில் பிறந்து லண்டனின் வறுமையில் வளர்ந்த டேனியல்ஸ், பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஒரு மெத்தை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்; இராணுவ சேவை முடிந்து வந்தபின் கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்துக்கொண்டே மாலை வகுப்புகளில் அத்தொழிலின் கோட்பாட்டைக் கற்றார். பழுது பார்ப்பவராக மட்டும் நின்றிருந்தால் அவர் பெயர் இன்று எவருக்கும் தெரிந்திருக்காது. பாரிசில் வாழ்ந்து 1823-இல் மறைந்த ஆப்ரகாம் லூயி பிரெகே என்ற மேதையின் கடிகாரங்களைப் பிரித்துச் செப்பனிடும் வாய்ப்பு அவருக்கு அமைந்தது. அந்த வேலையில், சிதைந்துபோன ஓர் உறுப்புக்கு ஈடான புதிய உறுப்பைப் பழைய முறையிலேயே செய்தாக வேண்டும் என்பதால், கடைசல், பல் வெட்டுதல், பதப்படுத்துதல், மெருகிடுதல் என ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வோர் உறுப்பையும் செய்யத் தெரிந்தவர் முழுக் கடிகாரத்தையும் ஏன் செய்யக்கூடாது என்ற எண்ணத்தின் விளைவாக 1969-இல் தம் முதற்கடிகாரத்தைச் செய்தார். 1982-இல் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலிலுள்ள மான் தீவுக்குக் குடிபெயர்ந்து, ராம்சி என்ற ஊரில் பட்டறை அமைத்து, 2011-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். முழுக்கத் தம் கையால் அவர் செய்த கடிகாரங்களின் எண்ணிக்கை நாற்பதைத் தொடவில்லை.

டேனியல்சின் சாதனையை விளங்கிக்கொள்ள, சாவி கொடுக்கும் கடிகாரம் ஓடும் விதத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். சாவி கொடுக்கும்போது உள்ளே சுருண்டு இறுகுகிற பட்டை வடிவ மெயின் ஸ்பிரிங்கே கடிகாரத்தின் ஆற்றல் முழுவதையும் தேக்கி வைத்திருக்கிறது. அதைத் தடுப்பார் இல்லையென்றால் பல்சக்கரங்கள் எல்லாம் தறிகெட்டுச் சுழன்று சில நொடிகளில் அந்த ஆற்றல் தீர்ந்துபோகும். அதைத் தடுத்து நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு பல் அளவே நகரவிடும் அமைப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். எப்போது நகரவிட வேண்டும் என்பதை முடிவு செய்வது, மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங்கின் துணையால் இருபுறமும் மாறி மாறி ஆடும் பேலன்ஸ் சக்கரம். மணிக்கு 18,000 முறை துடிக்கும் கடிகாரத்தில் எஸ்கேப்மென்ட் ஒரு நாளைக்கு 4,32,000 முறை பூட்டித் திறக்கிறது. இத்தனை துடிப்புகளுக்கும் பிறகு நாளொன்றுக்கு ஐந்து விநாடி பிசகினால் கூட, அந்தப் பிசகு ஏறத்தாழ 17,000-இல் ஒரு பங்குதான். தராசு, அளவுகோல் போன்ற அன்றாடக் கருவிகளில் இத்தகைய துல்லியத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாமஸ் மட்ஜ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த லீவர் எஸ்கேப்மென்ட்டே இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக உலகக் கடிகாரங்களை ஓட்டி வருகிறது. அதில் சக்கரத்தின் பல், லீவரின் முனையிலுள்ள கல்லின்மீது உரசிச் சறுக்கித்தான் ஆற்றலைக் கடத்துகிறது. சறுக்கும் இடத்தில் எண்ணெய் இட்டாக வேண்டும். எண்ணெய் நாளாவட்டத்தில் தடித்துக் கெடும்போது கடிகாரத்தின் ஓட்டமும் மாறுகிறது. எண்ணெய் கெட்டால் மீண்டும் இட்டுக்கொள்ளலாம் என்று தொழில் முழுவதும் ஏற்றுக்கொண்டிருந்த இவ்விஷயத்தைக் குறையாகக் கருதி, 1970-களில் டேனியல்ஸ் கோஆக்சியல் எஸ்கேப்மென்ட் என்ற புதிய அமைப்பை உருவாக்கினார். ஒரே அச்சில் அமைந்த இரு சக்கரங்கள் சறுக்கலைப் பெருமளவு தவிர்த்து உந்துவிசையை நேராகத் தள்ளிக் கொடுப்பதே இதன் சாரம். மின்கல விசையில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை ஜப்பானின் செய்கோ நிறுவனம் 1969-இன் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்து, ஏறக்குறைய 90,000 பேர் பணிபுரிந்த சுவிஸ் கடிகாரத் தொழில் 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது. இயந்திரக் கடிகாரமே அழிந்துவிடும் என்று பலர் நம்பிய வேளையில் தனியொருவர் அதன் இதயத்தைத் திருத்தி அமைத்தார் என்பதும், பல ஆண்டு தயக்கத்துக்குப் பிறகு 1999-இல் ஒமேகா நிறுவனம் அதை ஏற்று ஆலை உற்பத்தியில் புகுத்தியது என்பதும் அண்மைக்காலத் தொழில்நுட்ப வரலாற்றின் வியப்புகளுள் அடங்கும்.

கடிகாரம் செய்யத் தேவையான தொழில்களை 34 எனக் கணக்கிட்டு, அவற்றில் 32-ஐ ஒரே பட்டறைக்குள் செய்து முடிப்பதை இன்று டேனியல்ஸ் முறை என்று அழைக்கிறார்கள். இவ்வகைப் பட்டறைக்குள் நுழைபவர் முதலில் காண்பது பழைய இயந்திரங்களையே. உலோகத் தண்டைச் சுழலவிட்டுக் கடையும் சிறு லேத்துகள், பல் வெட்டும் கருவிகள், வரிசை வரிசையாக அரங்கள், இவற்றோடு ரோஸ் என்ஜின் எனப்படும் செதுக்குக் கடைசல் இயந்திரமும் இருக்கும். வெள்ளித் தகட்டை இந்த இயந்திரத்தில் பொருத்தி, ஒரு கையால் கைப்பிடியைச் சுழற்றி, மறு கையால் உளியின் அழுத்தத்தைச் சீராகப் பேணி, டயலில் அலையலையான நுண்கோடுகளை வெட்டுகிறார்கள். அழுத்தம் ஓரிடத்தில் சற்று மாறினாலும் அந்தக் கோடு ஒளியில் தனியே தெரிந்துவிடும். அழித்துத் திருத்த வழியில்லை. தகடு குப்பைக்குத்தான் போகும். எஃகு முட்களை அரத்தால் வடிவமைத்து மெருகிட்டபின் சூடேற்றுகிறார்கள். வெப்பம் உயர உயர எஃகின் மேற்பரப்பு வைக்கோல் நிறமும் ஊதாவும் அடைந்து, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசில் ஆழ்ந்த நீலத்தை எட்டுகிறது. அந்தக் கணத்தில் எடுக்கத் தவறினால் நிறம் வெளிறிவிடும். பழைய கடிகாரங்களில் காணும் நீல முட்கள் சாயம் பூசப்பட்டவை என்று எண்ணுவோர் பலர். நல்ல கடிகாரத்தில் அந்த நீலம் எஃகின்மீது வெப்பத்தால் படிந்த ஆக்சைடு படலமே.

கைவேலை என்றால் கையின் தடம் தெரிய வேண்டும் என்று கைவினைப் பொருட்களை விரும்புவோர் பலர் நினைக்கிறார்கள். மண்பாண்டத்திலும் நெசவிலும் அது அழகாகவும் இருக்கலாம். கடிகாரத் தொழிலின் இலக்கணம் வேறு. லங்காஷயரைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர், மான்செஸ்டரில் கடிகாரக் கல்வி பெற்று, டேனியல்ஸ் 1981-இல் எழுதிய பயிற்சி நூலையே ஆசிரியராகக் கொண்டு ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தைச் செய்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பார்த்தவுடன் கையால் செய்ததென்று தெரிகிறது என்பதே டேனியல்ஸ் கண்ட குறை. கடிகாரம், மனிதக் கை தீண்டாமல் தானே உருவானதுபோல் இருக்க வேண்டும் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார். ஸ்மித் இரண்டாம் கடிகாரத்தில் ஐந்தாண்டுக்கும் மேலாக உழைத்தார். மனத்துக்கு ஒவ்வாத உறுப்புகளைத் தூக்கியெறிந்து மீண்டும் மீண்டும் செய்தார். 1997-இல் அதைக் கொண்டுசென்றபோது, பெட்டியை யார் செய்தது, எஸ்கேப்மென்ட்டை யார் செய்தது என்று டேனியல்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் தாமே என்று ஸ்மித் விடை கூறினார். அதன்பிறகே டேனியல்ஸ் அவரைக் கடிகாரக் கலைஞராக ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே மான் தீவுக்குச் சென்று டேனியல்சுடன் பணியாற்றத் தொடங்கிய ஸ்மித், 2001-இல் அத்தீவிலேயே தம் சொந்தப் பட்டறையை நிறுவினார். சிறு குழுவாக இயங்கும் அப்பட்டறையிலிருந்து ஆண்டுக்கு இருபதை எட்டாத கடிகாரங்களே வெளிவருகின்றன.

கையின் தடத்தை மறைக்கும் இந்தக் கலையின் உச்சத்தைக் காண மான் தீவிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைக்குப் போக வேண்டும். அங்கே வல்லே த ஜூ என்ற பள்ளத்தாக்கில், முன்பு பள்ளிக்கூடமாக இருந்த கட்டடமொன்றில் பட்டறை வைத்திருப்பவர் 1948-இல் பிறந்த பிலிப் துஃபூர். மணியடிக்கும் சிக்கலான பொறியைக் கைக்கடிகாரத்தின் அளவுக்குள் அடக்கி 1992-இல் வெளியிட்ட அவர், பின்னர் 2000-இல் மணி, நிமிடம், விநாடி தவிர வேறெதையும் காட்டாத சிம்பிளிசிட்டி என்ற எளிய கடிகாரத்தைக் கொண்டுவந்தார். பெயருக்குத்தான் எளிமை. அதன் உட்புறத்தில் சக்கரங்களைத் தாங்கும் ஒவ்வோர் உலோகப் பாலத்தின் விளிம்பும் சாய்வாகச் சீவப்பட்டு, ஜூரா மலையில் வளரும் ஜென்ஷியன் செடியின் காய்ந்த தண்டால் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகிடப்பட்டிருக்கும். எஃகு உறுப்புகளை வெள்ளீயத் தகட்டின்மேல் வைரப் பசையிட்டு வட்டமாகத் தேய்க்கும் கரும்மெருகு என்ற முறையில், தளம் முற்றிலும் சமமாகிவிடுவதால், ஒரு கோணத்தில் பார்க்கும்போது உறுப்பு மைபோல் கறுத்தும் சற்றே திருப்பினால் பளீரென ஒளிர்ந்தும் தோன்றும்.

இவ்வேலைப்பாட்டை மதிப்பிட விரும்பும் பார்வையாளர் லென்சை எடுத்து முதலில் தேட வேண்டியது உட்கோணங்களை. இரு சாய்வு விளிம்புகள் உள்நோக்கிச் சந்திக்கும் இடத்தில், சுழலும் வெட்டுக் கருவி தன் முனையின் உருட்சியை விட்டுச்செல்லும் என்பதால், அந்த மூலை வட்டமாகவே அமையும். கூர்மையான கோடாக இரு தளங்களும் சந்தித்தால், அரத்தை ஏந்திய மனிதர் ஒருவர் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். விளம்பரத் தாள்களில் கைவினை என்ற சொல் மலிந்துவிட்ட இக்காலத்தில், இந்தச் சிறு மூலை எந்த விளம்பரத்தையும்விட நம்பகமான சான்று.

இந்த மெருகெல்லாம் கடிகாரத்தைத் துல்லியமாக ஓடச் செய்கிறதா என்றால், பெரும்பகுதி இல்லை என்பதே நேர்மையான விடை. சமதளமான அச்சுமுனையும் பிசிறற்ற விளிம்பும் உராய்வையும் துகள் உதிர்வதையும் குறைக்கும் என்பது மெய். அதற்கு மேற்பட்டதெல்லாம் அழகு சார்ந்தது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தைக் கொண்ட மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் டேனியல்சின் கடிகாரத்தைவிடத் துல்லியமாக நேரம் காட்டும். இயந்திரங்களை இந்தக் கலைஞர்கள் விலக்கி வைத்தார்கள் என்பதும் பிழையான புகழ்ச்சியே. கையால் இயக்கி, ஒவ்வொரு வெட்டையும் கண்ணால் தீர்மானிக்கும் இயந்திரங்கள் அவர்களுக்கு இன்றியமையாதவை. உண்மையில் வியக்கத்தக்கது பொறுப்பின் அளவு. கடிகாரம் பிசகினால் பல் வெட்டியவரையோ மெருகிட்டவரையோ சுட்டிக்காட்ட இங்கே வழியில்லை. நிலவுப் பயணத்தைப் போற்றி டேனியல்ஸ் 1982-இல் செய்த ஸ்பேஸ் டிராவலர் என்ற கடிகாரம், நாம் வழங்கும் சூரிய நேரத்தையும், நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்திச் செல்லும் விண்மீன் நேரத்தையும் ஒருங்கே காட்டுவது. அதன் திட்ட வரைபடம் முதல் கடைசித் திருகாணி வரை ஒரே மனத்தில் உருவானது. அது 2019-இல் லண்டன் ஏலத்தில் 36 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது.

இத்தகைய விலைகள் செல்வர்களின் போட்டியைக் காட்டுகின்றனவே தவிர, தொழில் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு அவை உறுதி தருவதில்லை. செய்பவர் இறந்தால் அவர் விரலோடு போய்விடும் திறன்கள் பல என்பதை உணர்ந்தே, துஃபூரும் சக கடிகாரக் கலைஞர்களான ராபர்ட் குரூபெல், ஸ்டீபன் ஃபோர்சே ஆகியோரும் பாரிசைச் சேர்ந்த மிஷேல் பூலாங்ஷே என்ற கடிகார ஆசிரியருக்குக் கணினிவழி இயந்திரங்கள் இன்றி முழுக் கடிகாரம் செய்யும் முறையைக் கற்பிக்கும் திட்டத்தை மேற்கொண்டார்கள். அதில் உருவான முதற்கடிகாரம் 2016-இல் ஹாங்காங்கில் ஏலம் போனது. சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து முன்வைத்த இயந்திரக் கடிகாரக் கைவினையை 2020-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. டேனியல்சின் கடிகாரத் தொகுப்பும், பழைய கார்கள்மீது தீராத மோகம் கொண்டிருந்த அவர் வைத்திருந்த பென்ட்லி பந்தயக் காரும் அவர் மறைவுக்குப் பின் 2012-இல் ஏலத்துக்கு வந்தன. கார் மட்டும் 50 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அத்தொகை, கடிகாரவியல் உள்ளிட்ட துறைகளில் படிக்கும் மாணவர்களுக்கு உதவுவதற்காக அவர் பெயரில் அமைந்த கல்வி அறக்கட்டளைக்குச் சென்றது.