நம்ம தச்சன்தானே!
குடும்ப ஜெபம் – 17

பெரியண்ணனும் நானும் 11 வருஷம் பேசிக்கொள்ளவில்லை. காரணம், அப்பா விட்டுப்போன வீட்டின் கொல்லைப்பக்கச் சுவர். எங்கள் தங்கை ஊருக்கு வரும்போதெல்லாம், குடும்ப ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டே சொல்வாள்: "முதல்ல அண்ணன்கிட்ட ஒப்புரவாகுங்க. அப்புறம் காணிக்கை போடுங்க. வேதத்துல அப்படித்தானே இருக்கு?"

நான் சிரித்து மழுப்புவேன். "எட்டாம் வகுப்புக் கணக்குல ஃபெயிலானவ எனக்கு வேதம் சொல்ல வந்துட்டா" என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பிறகு எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் இரண்டாம் நாள் அதே வசனத்தை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ராத்திரி தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "வெளியூர்க்காரங்க சொன்னாத்தான் அது வசனமா அண்ணே?"

உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். நாசரேத்தில் அந்த ஓய்வுநாளில் நடந்ததும் அதுதான். மாற்கு 6, லூக்கா 4 ஆகிய அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். கப்பர்நகூமில் நடந்த அற்புதங்களின் செய்தி இயேசுவுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை வாசித்துவிட்டு, உட்கார்ந்து பேசினார். கேட்டவர்கள் முதலில் வியந்தார்கள். பேச்சில் ஞானம் இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த நிமிஷமே குடும்ப அட்டையைப் பிரித்துவிட்டார்கள். தச்சு வேலைக்காரர். மரியாளின் மகன். யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் இவருடைய தம்பிமார். தங்கைகள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவருடைய கை பட்ட கதவு சிலர் வீட்டில் இருந்துமிருக்கலாம். அவரைப் பற்றித் தெரிந்த உண்மைகளை எல்லாம் அடுக்கி, அவர் சொன்ன உண்மைக்குக் குறுக்கே சுவராக எழுப்பினார்கள். என் தங்கையின் எட்டாம் வகுப்பு மார்க்கும் உண்மைதான்.

அந்த ஊரில் சில நோயாளிகள் மட்டுமே குணமானார்கள். அவர்களுடைய அவிசுவாசத்தைப் பார்த்து இயேசு ஆச்சரியப்பட்டதாக மாற்கு எழுதுகிறார். சுவிசேஷங்களில் இயேசு ஒருவரைக் குறித்து ஆச்சரியப்பட்டதாக இன்னொரு இடமும் உண்டு. அங்கே அவரை வியக்கவைத்தது கப்பர்நகூமில் இருந்த ரோம நூற்றுக்கு அதிபதியின் விசுவாசம். அந்நியன் நம்பியதும் சொந்த ஊர் நம்பாததும்தான் அவருக்கு ஆச்சரியம்.

நாசரேத்து மக்களுக்கு அவர் இரண்டு அந்நியரை நினைவூட்டினார்: சாறிபாத் ஊர் விதவை, சீரியாவின் படைத்தலைவன் நாகமான். கூட்டம் கொதித்தெழுந்து அவரை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனது. கோபத்தில் அவர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று நாகமானின் கதையில் இருக்கிறது. அவனுக்குக் குஷ்டம். தீர்க்கதரிசி ஒருவர் சமாரியாவில் இருக்கிறார் என்ற சேதி அவன் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவந்த ஒரு சிறுமி, அவன் மனைவிக்கு எடுபிடி வேலை செய்தவள், அதைச் சொன்னாள். அந்தத் தீர்க்கதரிசி யோர்தானில் ஏழு தரம் மூழ்கச் சொன்னதும் அவன் கோபித்துக்கொண்டு கிளம்பியபோது, தடுத்துப் புத்தி சொன்னவர்களும் அவனுடைய வேலைக்காரர்களே. அத்தனை பெரிய படைத்தலைவன் தன் வீட்டுச் சின்னவர்களின் பேச்சைக் கேட்டான், பிழைத்தான்.

வீட்டார் மனம் மாறுவதும் உண்டு. இயேசுவின் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் அவர்களில் யாக்கோபு பிற்பாடு எருசலேம் சபையின் தூணானார். கி.பி. 62இல் அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் பதிவு செய்திருக்கிறார். ஒரே கூரையின் கீழ் வளர்ந்தும் அண்ணனை அடையாளம் காணாதவர், கடைசியில் அந்த அண்ணனுக்காகவே உயிரைக் கொடுத்தார். எனக்கும் 11 வருஷம் பிடித்தது.

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். வாசித்து முடித்ததும் வீட்டின் பெரியவர் விளக்கம் சொல்ல வேண்டாம். வழக்கமாக யார் பேச ஆரம்பித்தால் "உனக்கென்ன தெரியும்" என்று மடக்குவீர்களோ, அவரைப் பேசச் சொல்லுங்கள். முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.